டாங்கு வராத படம்

தம்பி,

இந்தக் கடிதத்தில் இருக்கும் கையெழுத்து காதர் பாயுடையது, பேச்சு என்னுடையது. பிரிஞ்சாங்கில் அவருடைய சாப்பாட்டுக் கடையில், மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு சாயங்கால ரொட்டிக்கு மாவு பிசைகிற வரைக்கும் ஓய்வு கிடைக்கும். அந்த நேரத்தில் கடைசி மேசையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் சொல்வதை அவர் அப்படியே எழுதுவதில்லை, புத்தகத்தில் வருகிற மாதிரி நேராக்கி எழுதுகிறார். "நீ பேசுற மாதிரியே எழுதினா, எனக்கு எழுதத் தெரியலன்னு உன் மகன் நெனப்பான் லா" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். இது பாதியில் நிறுத்தக் கூடிய விஷயமில்லை.

அடுத்த மாதம் கோலாலம்பூரில் உன் கார்ட்டூன் படத்தைப் பெரிய தியேட்டரில் முதல் தடவையாகக் காட்டப் போகிறீர்கள். என்னை மேடையில் ஏற்றி, கதையில் வருகிற முத்தையன் இவர்தான், என் அப்பா என்று சொல்ல ஆசைப்படுகிறாய். படத்தின் தொடக்கத்தில் 'என் அப்பாவுக்கு' என்று எழுத்து ஓடுகிறது. அது என்ன எழுத்து என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன். காடி அனுப்புகிறேன், வருகிறீர்களா என்று மூன்று முறை கேட்டுவிட்டாய். மூன்று முறையும் முழங்கால் வலி என்றேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. வருகிறேனா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் டாங்குவைப் பற்றிப் பேச வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படத்தை முதலில் எங்களுக்குக் காட்ட வேண்டும் என்று தோட்டத்துக்கே கொண்டுவந்தாய். நல்ல காரியம். மண்டபத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஜன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டு இருட்டாக்கினாய். பேச்சு மட்டும்தான் சேர்த்திருக்கிறோம், மழை, காற்று, மற்ற சத்தமெல்லாம் இனிமேல்தான் என்று முன்கூட்டியே சொன்னாய். சவரிமுத்து முதல் வரிசையில் இருந்தான். உனக்கு அவன் டாங்கு மாமா. சவரிமுத்து என்ற பெயர் உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. தன் மகன் கல்யாணத்துக்குத் தைத்த பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பாச்சை உருண்டை வாசனை மூன்றாவது வரிசை வரைக்கும் அடித்தது. ஹோட்டலில் வேலை செய்கிற பேத்தி பிலோமினாவை லீவு போட வைத்துப் பக்கத்தில் உட்கார்த்தி, "தாத்தா எப்ப வர்றேன்னு பாத்துக்கிட்டே இரு. கண்ணச் சிமிட்டிறாத" என்றான்.

நம் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதி, நீ படமாக்கிய நாவலில் டாங்கு இரண்டாவது அத்தியாயத்திலேயே வந்துவிடுவான். உன் படத்தில் இரண்டாவது அத்தியாயம் வந்தது, போனது. ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் சவரிமுத்துவின் கழுத்து நீண்டது. கல்யாணம் வந்தது. மழை வந்தது. முத்தையன் பனிமூட்டத்தில் ஒரு பாறைமேல் நின்று இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான். சனங்கள் லயத்து வரிசை வீடுகளை விட்டு ஓடி வந்தார்கள், மலை சரிந்து வீடுகளை மூடியது. எல்லாரும் கை தட்டினார்கள். விளக்குப் போட்டதும் பின்னாலிருந்து ஒருத்தன், "டாங்கு, ஒன்ன வரையறதுக்கு மை பத்தலியாம்!" என்று கத்தினான். சவரிமுத்து எழுந்து திரும்பிக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அடுத்த பாகத்துல வர்றேன் போலருக்கு லா" என்றான். மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். பிறகு அவன் அந்தக் கோட்டோடேயே எல்லா நாற்காலிகளையும் மடக்கிச் சுவரோரம் அடுக்கினான். அது அவன் வேலை இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. நீ என்னிடம் வந்து, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாய். "நல்லா இருக்கு" என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் போனில், டாங்குவை எங்கே காணோம் என்று கேட்டேன். நீ பொறுமையாகத்தான் பதில் சொன்னாய். படம் தொண்ணூறு நிமிடம். அவன் வருகிற இடமெல்லாம் கதை நின்றுவிடுகிறது. அவன் ஒரு தடவை வழுக்கி விழுவதற்கு மூன்று பேர் வாரக் கணக்கில் வரைய வேண்டும். "நாவல் கார்ட்டூனா மாறும்போது முதல்ல கத்திரிக்கோல் விழறது சிரிப்பு காட்டுறவன் மேலதான்பா. எல்லா ஊர்லயும் அதான்" என்றாய். கடைசியில் இன்னொன்றும் சொன்னாய். "ஒரு தோட்டத்து ஆளு விழுந்து எழுந்திரிக்கிறதப் பாத்து டவுன்காரன் சிரிக்கணுமா? அதுக்கா நான் படம் எடுக்குறேன்?" இதில் எதையும் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இதற்கு முன்னால் ஒரு பெரிய ராஜா கதையைக் கார்ட்டூனாகச் செய்தபோது, அதிலிருந்த குறட்டைவிடும் சமையல்காரனைத் தூக்கிவிட்டோம் என்று வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். நல்லது, கதை சீக்கிரம் முடியும் என்றேன். அந்தச் சமையல்காரன் எந்தத் தோட்டத்திலாவது கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் படிக்கத் தெரியாதவன் கதையை எப்படி வைத்துக்கொள்கிறான் என்று உனக்குச் சொல்கிறேன். வாத்தியார் தன் நாவலைச் சனிக்கிழமைகளில், அரை நாள் வேலை முடிந்த பிறகு, இதே மண்டபத்தில் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். ஒரு மழைக்காலம் முழுக்க வாசித்தார். படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். எங்களுக்குப் பக்கம் கிடையாது. டாங்கு சாணிக்குழியில் விழுந்ததற்கு அடுத்தது முத்தையன் கல்யாணம்; டாங்கு கடிகாரத்துக்குப் போர்வை போர்த்தியதற்கு அடுத்தது தோட்டத்து ஆபீஸ் கிராணியோடு சண்டை. இப்படித்தான் எனக்கு அந்தப் புத்தகம் மனதில் இருக்கிறது. அவனைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கதை தானாக வரும். நம் மலையில் ஒரு துரை, தேயிலைக்கு நடுவே நின்ற மரங்களையெல்லாம் வெட்டி அந்த இடத்திலும் செடி வைத்தார். கொழுந்து கூடுதலாகத்தான் கிடைத்தது. பொம்பளைகளுக்குத் தண்ணீர் குடிக்க ஒதுங்கி நிற்க இடமில்லாமல் போனது. உன் படத்தில் கொழுந்துக்குக் குறைவில்லை. நிற்க இடமில்லை. அவ்வளவுதான் சொல்வேன். நீ படித்தவன், அது உன் தொழில்.

இதில் என் சங்கதி வேறு. டாங்கு படத்தில் இல்லை என்று தெரிந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது. படம் முடியும்வரை அவன் கழுத்து நீள்வதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நான் நிம்மதியாக இருந்தேன். அது ஏன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்த டாங்கு, நாவலில் வருகிற டாங்கு. நிஜத்திலும் அவன் பாதி அப்படித்தான். பிரட்டுக் களத்தில், அதாவது காலையில் பேர் கூப்பிடுகிற மைதானத்தில், ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை நேரத்துக்குச் சுத்தியலால் அடித்து ஆட்களைக் கூப்பிடுவது சவரிமுத்துவின் வேலை. அந்தச் சத்தம்தான் அவன் பெயராகிவிட்டது. அவனுக்குக் கடிகாரம் கிடையாது. கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு வரும் லோரி எதிர்மலை ஏற்றத்தில் கியர் மாற்றினால், எழுந்து போய் அடிப்பான். ஒரு நாள் லோரிக்காரன் பெண் பார்க்கப் போகிற அவசரத்தில் ஒரு மணி நேரம் முந்தி வந்துவிட்டான். தோட்டமே கூடையும் கையுமாகக் களத்தில் வந்து நிற்கிறது, கிராணி பனியனோடு ஓடி வருகிறார். முதல் எச்சரிக்கை. அதற்குப் பிறகு கிராணி அவனுக்கு ஓர் அலாரம் கடிகாரம் கொடுத்தார். குளிரில் அது நின்றுபோகும் என்று இவன் கம்பளியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தான். அது அடித்தது அவனுக்குக் கேட்கவே இல்லை. அன்றைக்கு வெயில் வந்த பிறகுதான் வேலை. இரண்டாவது எச்சரிக்கை. கிராணி தடிப் புத்தகத்தில் எழுதி அவனுடைய கட்டைவிரலை ஒற்றி வாங்கினார். மூன்றாவது தடவை நேரம் தவறி அடித்தால் வேலையும் இல்லை, லயத்தில் வீடும் இல்லை.

அந்த மழை நான்கு நாளாகப் பெய்தது. நான்காம் நாள் காலையோடு வேலையை நிறுத்திவிட்டார்கள். மத்தியானம் எல்லாரும் லயத்துக்குள் இருந்தார்கள். உன் அம்மா ஆறாவது வீட்டில். உன் அக்கா அப்போது வயிற்றில். களம் லயத்துக்கு எதிர்மேட்டில் இருந்தது. சவரிமுத்து அங்கே வாய்க்கால் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தான். என் நெருப்புப்பெட்டி நனைந்துவிட்டதால் அவனிடம் கேட்கலாம் என்று மேலே ஏறிப் போனேன். கீழே பனிமூட்டம், கூரைகள் அரைகுறையாகத் தெரிந்தன. லயத்துக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கும் ஓடை காலையிலிருந்தே செம்மண் நிறத்தில் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. சவரிமுத்து மண்வெட்டியை நிறுத்தினான்.

"தண்ணி நின்னுருச்சுடா" என்றான்.

"மழ விடுது" என்றேன்.

"மழ பெய்யுது. தண்ணி மட்டும் நின்னுருச்சு. சத்தம் கேக்குதா பாரு."

கேட்கவில்லை. மேலே எங்கேயோ மண் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. எனக்குப் புரியவில்லை. அவன் சுத்தியலை எடுத்தான்.

இந்த இடத்தில் காதர் பாய் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். இந்தக் கதையை அவர் இருபது தடவை என் வாயால் கேட்டிருக்கிறார். ஒரு தடவையும் சுத்தியல் சவரிமுத்துவின் கையில் இருந்ததில்லை. "என்ன சொல்ற நீ?" என்கிறார். எழுதுங்க பாய் என்கிறேன்.

நான் அவன் கையைப் பிடித்தேன், தம்பி. அடிக்கவிடாமல் பிடித்தேன். "வேணாண்டா, ரேகை வச்சிருக்க. வீடு போயிரும்டா" என்றேன். என் பெண்டாட்டி கீழே இருக்கிறாள், நான் அவனுடைய வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவன் என்னை முழங்கையால் தள்ளிவிட்டு அடித்தான். முதல் இரண்டு அடி குறி தவறிக் கம்பத்தில் பட்டது, அவன் எப்போதும் அப்படித்தான். அதற்குப் பிறகு நிறுத்தாமல் அடித்தான். கீழே கதவுகள் திறந்தன. "டாங்கு மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்டா!" என்று யாரோ சிரிப்பது மேலே வரைக்கும் கேட்டது. திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும், வேடிக்கை பார்ப்பதற்காகவே, சனங்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மேடேறி வந்தார்கள். இதை நன்றாகக் கேட்டுக்கொள். வேறு யார் அடித்திருந்தாலும் அந்த மழையில் பாதிப்பேர் கம்பளிக்குள்ளேயே கிடந்திருப்பார்கள். டாங்கு என்பதால்தான் எல்லாரும் வந்தார்கள். நேரம் தவறி அடித்த டாங்குவைக் கிராணி கேட்கப்போகிற கேள்வியை ஒருத்தரும் தவறவிடத் தயாராக இல்லை.

கடைசி ஆள் மேடேறுவதற்கும் மலை இறங்குவதற்கும் சரியாக இருந்தது. பதினெட்டு வீடு. இரண்டு ஆடு, நிறையக் கோழி. ஆள் ஒன்றுகூடப் போகவில்லை. முதல் ஆள் மேடேறிக் களத்துக்கு வருவதற்கு முன்பே, பனிமூட்டத்துக்குள் கிராணியின் குரல் கேட்டதும், சவரிமுத்து சுத்தியலைப் போட்டுவிட்டுக் களத்துக்குப் பின்னால் ஓடினான். அது என் காலருகே விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். கிராணியும் சனங்களும் வந்தபோது அது என் கையில் இருந்தது; பனிமூட்டத்தில் அடித்தவனை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

மறுநாள் துரை வந்து எல்லாரையும் நிற்க வைத்து, தண்டவாளத்தை அடித்தது யார் என்று கேட்டார். தண்டிக்கப் போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். இன்றைக்கு இதைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். பதினெட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றியவன், நேரம் தவறி அடித்த குற்றத்துக்குப் பயந்து நிற்கிறான். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். சவரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் இல்லீங்க தொர" என்றான். நான் ஒரு அடி முன்னால் வந்து, "நான்தாங்க" என்றேன். அந்த நிமிடத்தில் அவனுக்காகத்தான் சொன்னேன். என் பேரில் எச்சரிக்கை எதுவும் இல்லை, முதல் தடவை என்று விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கி முடிப்பதற்குள் அந்தப் பொய் என்னுடையதாகிவிட்டது. திருப்பிக் கொடுக்கலாம் என்று தோன்றிய ஒவ்வொரு நாளும் இன்னொரு நாள் இருக்கிறது என்று விட்டேன்.

ஆறு மாதத்தில் என்னைக் கங்காணி ஆக்கினார்கள். கங்காணி வீட்டுக்குத் தனி அறை ஒன்று உண்டு. நீ சுவரெல்லாம் கரியால் படம் வரைந்தாயே, அந்த அறைதான். லயத்தில் பிறந்திருந்தால் உனக்குச் சுவர் கிடைத்திருக்காது. சவரிமுத்துவின் மகனுக்கும் வரைய வரும், நீயே சொல்லியிருக்கிறாய். அவன் இன்றைக்குக் கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் லோரி ஓட்டுகிறான். இதைச் சொல்லி உன்னைக் குற்றவாளி ஆக்கவில்லை. நீ கேட்டு வாங்கிய அறையில்லை அது.

சில வருடம் கழித்து வாத்தியார் நோட்டுப்புத்தகத்தோடு வந்தார். நம் மலையைப் பற்றி நாவல் எழுதப் போகிறேன், மண் சரிந்த கதையை நீதான் சொல்ல வேண்டும் என்றார். பொய்யை நேராக்க அதைவிட நல்ல சமயம் வராது. நான் அப்போது கங்காணி. சொன்ன கதையையே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, "அன்னைக்கு நம்ம டாங்கு எங்கப்பா இருந்தாரு?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவன் எங்கேயோ இருந்தான் என்று விட்டால் இன்னும் தோண்டுவார் என்று பயம். "அவனா? கக்கூசுக்குள்ள, வாளியத் தலையில கவுத்துக்கிட்டு ஒளிஞ்சிருந்தான்" என்றேன். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். நாவலில் எல்லாருக்கும் பிடித்த இடம் அது. அவர் இப்போது இல்லை. சாகும்வரை அதை நிஜம் என்றே நம்பினார். சனிக்கிழமை மண்டபத்தில் அதை வாசித்தபோது எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் சவரிமுத்து. பக்கத்தில் அவன் பெண்டாட்டி மேரி இருந்தாள். அவளும் சிரித்தாள்.

இப்போது கணக்கைப் பார். அவன் செய்த காரியத்தை நான் எடுத்து முத்தையனுக்குக் கொடுத்தேன். அவனுக்கு மிச்சம் இருந்தது விழுவதும் எழுவதும், மற்றவர்கள் சிரிப்பதும்தான். அதை நீ எடுத்துவிட்டாய். நான் தெரிந்து எடுத்தேன், நீ தெரியாமல் எடுத்தாய். இரண்டு பேர் கைபட்ட பிறகு அந்த மலையில் சவரிமுத்து என்று ஓர் ஆள் இருந்ததற்கு அடையாளமே இல்லை. படத்தில் தண்டவாளம்கூட இல்லை. முத்தையன் வாயால் கத்துகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் வந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். பின்னால் சௌசௌக் கொடிக்குக் கம்பு கட்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு சொல்லணும்டா" என்றேன்.

"முழங்காலா? நீ பொய்யா நொண்டுறது எனக்குத் தெரியும். காலு மாத்தி மாத்தி நொண்டுற."

சொன்னேன். கையைப் பிடித்தது, சுத்தியலை எடுத்தது, வாத்தியாரிடம் சொன்னது எல்லாம். அவன் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுத் திரும்பினான்.

"இத எதுக்கு எனக்குச் சொல்ற? அடிச்சவன் நான். எனக்குத் தெரியாதா?"

"இத்தன வருசம் ஏன்டா கேக்கல?"

"என்னன்னு கேக்க? தொரகிட்ட நான் இல்லன்னவன் நான்தானே. நீ, நான்தான்னு சொன்ன. ரெண்டு பேருமே பொய்தான் சொன்னோம். ஒன் பொய்க்குக் கங்காணி வேல. என் பொய்க்கு இருந்த வேல போகல. அத விடு." கம்பை அசைத்துப் பார்த்துவிட்டு, "ஆனா அந்த வாளி" என்றான்.

நான் அடுத்த கம்பை எடுத்து நீட்டினேன்.

"லோரி, கடிகாரம், சாணிக்குழி எல்லாம் நான் பண்ணது. சிரிக்கட்டும், நானே சிரிச்சேன். வாளி நீ வச்சது. மேரி அன்னைக்கு எல்லார்கூடயும் சிரிச்சா. வீட்டுக்கு வந்து அடுப்பப் பத்தவச்சுக்கிட்டே, நீங்க எங்க இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும்னு சொன்னா. அவ்ளோதான். சாகுற வரைக்கும் அதப்பத்தி வேற பேச்சே இல்ல."

அப்படியென்றால் கோட்டுப் போட்டுக்கொண்டு படம் பார்க்க ஏன் வந்தாய், அதில் வாளியும் வந்திருக்குமே என்று கேட்டேன்.

"வாளிக்குப் பதிலா வேற எதாச்சும் வரைவான்னு பாத்தேன்" என்றான். "ஒன் மகன் கெட்டிக்காரனாச்சே."

இதற்கு மேல் காதர் பாய் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் இரண்டு கிளாஸ் தே கொண்டுவந்தார். குடித்த பிறகு எழுதுகிறோம்.

உனக்கு நான் என்ன எழுத வேண்டும் என்று சவரிமுத்துவிடம் கேட்டேன். "என்ன விழுந்து எழுந்திரிக்கிற ஆளாவே வரையச் சொல்லு. டவுன்காரன் சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறான். கையில சுத்தியல் மட்டும் இருக்கட்டும்" என்றான். அது அவன் சொன்னது. அதற்கு எத்தனை பேர் எத்தனை வாரம் வரைய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. முடியாது என்றால் முடியாது என்று அவனிடம் நீயே வந்து சொல். கோட்டுப் போட்டு வந்தவனிடம் நேரில் சொல்வதுதான் முறை.

என் பதில் இது. 'என் அப்பாவுக்கு' என்ற எழுத்தை எடுத்துவிடு. மேடையில் நான் ஏற மாட்டேன். காடி அனுப்பு, வருகிறேன், சவரிமுத்துவும் என்னோடு வருகிறான். இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து பார்ப்போம். யாரையாவது மேடைக்குக் கூப்பிட வேண்டும் என்றால் யாரை என்று உனக்குத் தெரியும். அவனுக்குப் பேச வராது, போகும்போது மேடைப் படியில் தடுக்குவான். தடுக்கட்டும். இதைப் படித்த பிறகு நீ என்னோடு பேசாமல் இருந்தால் அதற்கும் நான் ஒன்றும் சொல்ல முடியாது. கங்காணி மகன் என்று தோட்டத்தில் தலைநிமிர்ந்து நடந்தாய். அதில் கொஞ்சம் குறையும். நீ சுத்தமாகச் சம்பாதித்தது வரைகிற உன் கை மட்டும்தான். அது போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. சத்தமெல்லாம் இனிமேல்தான் சேர்க்க வேண்டும் என்று சொன்னாயே. அந்தத் தண்டவாளம் இன்னும் இருக்கிறது, பழைய களத்துக் கொட்டகைக்குப் பின்னால் கொடிக்குள் கம்பியில் தொங்குகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே நானும் சவரிமுத்துவும் போனோம். பிலோமினா போனைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஒரு சுத்தியலைத் தோளுக்கு மேல் தூக்கி அடித்தான். லயத்தில் இப்போது இருப்பது பங்களாதேஷ்காரர்களும் நேப்பாள்காரர்களும்தான். அந்தத் தண்டவாளம் எதற்கு என்றே அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. முகத்தில் சோப்போடு ஒருத்தன், கையில் கரண்டியோடு ஒருத்தன் என்று மேடேறி வந்து நின்று, என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார்கள். சவரிமுத்து மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "பாத்தியாடா, இன்னும் வர்றானுங்க லா!" என்று சிரித்தான்.

அந்தச் சத்தத்தைப் பிலோமினா உன் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். முதல் இரண்டு அடி குறி தவறிக் கம்பத்தில் பட்டிருக்கும். அதை வெட்டிவிடாதே. அவன் அப்படித்தான் அடிப்பான்.

அப்பா